மூன்றுக்குப் பிறகு ஒன்று

அக்டோபரின் வலது ஓரத்தில் பசை தடவி, நவம்பரின் இடது ஓரத்தை அதன்மேல் பொருத்தி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்த பீம்ராவின் கை பாதியில் நின்றது.

“இன்னாயா, ஒட்டி முட்சியா? வூட்ல கால் வெக்க எடம் இல்ல. பாத்ரூம் போறதுக்கு ஜூன் மாசத்த தாண்டிப் போவணும் போலக்கீது” என்றாள் அவர் மனைவி செங்கொடி, சங்கரா மீனை அலசிக்கொண்டே.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பனியன் நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். பதினேழாவது வரி. வேலப்பன். அக்டோபர் 31, சனிக்கிழமை: 3. அதை ஒட்டிய கட்டம், நவம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை: 1.

தாள் நழுவியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு வரி ஏறியோ இறங்கியோ ஒட்டிக்கொண்டிருக்கும். அடிக்கோலை எடுத்து வேலப்பன் பெயரிலிருந்து நேராக வைத்துப் பார்த்தார். நழுவவில்லை. மேல் வரி மேல் வரியோடும் கீழ் வரி கீழ் வரியோடும் சேர்ந்திருந்தன. பசை விரலிடுக்கில் காய்ந்து தோலை இழுத்தது.

தரையில் கிடந்தது 2015ஆம் வருடம். எண்ணூர் நெடுஞ்சாலையில் இரும்பு டிரம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஷிப்ட் சார்ட்டுகள். மாதத்துக்கு ஒரு தாள். மேலே தேதியும் கிழமையும், இடப்பக்கம் நாற்பத்திரண்டு பேரின் பெயர்கள், கட்டங்களுக்குள் எண்கள். ஒன்று என்றால் காலை ஆறு முதல் இரண்டு வரை. இரண்டு என்றால் அங்கிருந்து இரவு பத்து வரை. மூன்று என்றால் இரவு பத்து முதல் விடிந்து ஆறு வரை. சிவப்பு வட்டம் ஓய்வு நாள். சனிக்கிழமை மூன்று என்றால் அந்த ஆள் ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே வருகிறான். ஞாயிறு ஒன்று என்றால் அதே ஆறு மணிக்கு உள்ளே போகிறான்.

வேலப்பன் செத்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

பதினொரு வருடம் பழைய தாள்களை இப்போது எடுத்துப் பரப்பக் காரணம், புதிதாக வந்த ஆபீசர் பென்னி. கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும், 2026க்கு முழு வருடத்துக்கும் ஒரே நீளத் தாளாகக் கொடுங்கள் என்று கேட்டிருந்தான். “இருபத்தாறா சார்? அது பதினஞ்சுதான். அதே வருசம். பொட்டியில கீது, ஒட்டி எடுத்துகினு வரேன்” என்று பீம்ராவ் சொன்னார். பென்னி நம்பாமல் செல்போனில் தட்டிப் பார்த்தான். ஜனவரி ஒன்று வியாழன், அங்கேயும் வியாழன். டிசம்பர் வரை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “நீங்க மனுஷனே இல்ல” என்றான். அந்த வார்த்தையின் ருசியோடுதான் புதன்கிழமை வீட்டுக்கு வந்தார். இன்று சனிக்கிழமை, ஜனவரி மூன்று.

கிழமைகள் அவரிடம் வந்து சேர்ந்த விதம் ஒன்றும் பெரிய கதையில்லை. பிறந்தது 1966. அந்த வருடம் அரிசிக்கடையில் கொடுத்த காலண்டர், பன்னிரண்டு மாதமும் ஒரே பக்கத்தில் அச்சான கெட்டி அட்டை. கரியடுப்பு விசிற அதைவிட நல்ல அட்டை கிடைக்காது என்று அவருடைய அம்மா எறியாமல் வைத்துக்கொண்டாள். பதினொரு வயதில் ஒரு நாள் அடுப்பு விசிறிக்கொண்டிருந்தவர், பள்ளிக்கூடக் கரும்பலகையில் காலையில் பார்த்த தேதியும் கிழமையும் விசிறியில் அப்படியே இருப்பதைக் கண்டார். மறுநாளும் சரியாக இருந்தது. அடுத்த மாதமும் சரியாக இருந்தது. பழைய வருடம் ஒன்று சத்தமில்லாமல் திரும்பி வந்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு.

பிறகு எல்லாம் தானாகப் பிடிபட்டது. வருடம் ஒவ்வொன்றும் ஒரு கிழமை தள்ளிப் போகும். பிப்ரவரிக்கு இருபத்தொன்பது வந்தால் இரண்டு கிழமை. சாதாரண வருடம் ஆறிலோ பதினொன்றிலோ திரும்பும், லீப் வருடத்துக்கு இருபத்தெட்டு ஆகும். பதினான்கு காலண்டரைப் பத்திரமாக வைத்திருப்பவன் ஆயுசுக்கும் வேறு வாங்க வேண்டாம். ஒரே வருடத்துக்குள்ளும் மாதங்கள் ஜோடி போட்டு நிற்கும். ஜனவரி போல அக்டோபர். ஏப்ரல் போல ஜூலை. செப்டம்பர் போல டிசம்பர். பிப்ரவரி, மார்ச், நவம்பர் மூன்றும் ஒரே அச்சு. ஊருக்குப் பன்னிரண்டு மாதம் என்றால் பீம்ராவுக்கு ஏழு.

தொழிற்சாலையில் தகடு தூக்கப் போனவரை டைம் ஆபீசுக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது இந்த வித்தைதான். பெயரே காலண்டர் என்றாகிவிட்டது. பிள்ளை பெற்றவன் கேட்டுக்குள் நுழையும்போதே “காலண்டர்ணா, அடுத்த வருசம் இதே நாளு இன்னா கெயம?” என்று கேட்டுக்கொண்டு வருவான். அவர் நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போவார்.

சார்ட்டுக்கு அவர் வைத்திருந்த சட்டம் எளிது. மாதம் முழுவதும் ஒருவனுக்கு ஒரே கிழமைதான் ஓய்வு. இரண்டு நாள் காலை, இரண்டு நாள் மாலை, இரண்டு நாள் இரவு, ஒரு நாள் சிவப்பு. எல்லாருக்கும் ஞாயிறு கிடைக்க வேண்டும் என்பதால் அடுத்த மாதம் ஒவ்வொருவனின் கிழமையும் மாறும். ஆகவே மாதமும் மாதமும் சேர்கிற இடம் எப்போதும் இடிக்கும். அந்த இடத்தில் மட்டும் கையால் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். மூன்றில் முடிகிறவன் ஒன்றில் தொடங்கக் கூடாது. இடையில் ஒரு சிவப்பு வைத்துவிட வேண்டும். இருபத்துநான்கு வருடம் அதைச் செய்தார். புதுத் தாளைக் கையால் எழுதும்போது பழைய தாளின் கடைசி வரிசை பக்கத்திலேயே இருக்கும். கண் தானாக அங்கே போய் வரும்.

2015 ஏப்ரலில் ஆபீசுக்கு ஜெராக்ஸ் மெஷின் வந்தது.

பீம்ராவ் முட்டி போட்டு நவம்பர் தாளின் தலைப்பை நெருங்கிப் பார்த்தார். திருத்துகிற வெள்ளை மை பத்து வருடத்தில் காய்ந்து வெடித்திருந்தது. ‘நவம்பர்’ என்ற பேனா எழுத்து செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் ‘மார்ச்’ என்று இருந்தது. கடைசியில் முப்பத்தொன்றாம் தேதி வரிசையைக் கத்தரியால் வெட்டியிருந்தார். வெட்டு நேராக, அழகாக இருந்தது.

மார்ச் ஒன்றாம் தேதிக்கு முன்னால் வந்தது பிப்ரவரி. அந்த இடத்தைக் கையால் சரிசெய்திருந்தார். நவம்பர் ஒன்றாம் தேதிக்கு முன்னால் வந்தது அக்டோபர். அந்த இடத்தை அவர் பார்க்கவே இல்லை. மெஷினிலிருந்து சூடாக வந்த தாளில் மாதத்தின் பெயரை மாற்றினார், கையெழுத்துப் போட்டார், சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு பலகையில் குத்தினார். அக்டோபரை எடுத்துச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

வேறு இடங்களையும் பார்த்தார். ஜூன் முடிந்து, ஏப்ரலின் ஜெராக்ஸான ஜூலை தொடங்குகிற இடத்தில் மூன்று பேருக்கு அடுத்தடுத்து இரண்டு சிவப்பு. ஓய்வு இரண்டு முறை வந்தால் யார் வந்து புகார் சொல்லப் போகிறார்கள்?

“இன்னாயா ஆச்சி? மூஞ்சி இன்னா இப்டி கீது?” செங்கொடி மீன் கையோடு வந்து நின்றாள். “நெஞ்சு வலிக்குதா?”

“வேலு லைனப் பாரு.”

“எந்த வேலு?”

“கீய் வூட்டு வேலு.”

அவளுக்கு சார்ட் படிக்கத் தெரியும். முப்பது வருடமாக வீட்டுத் தரையில் பார்த்தது. குனிந்து பார்த்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டி ஆகஸ்டில் விழுந்தது.

“நைட்டு முட்சி காலைலயா?” என்றாள். பிறகு, “யாரு போட்டா இப்டி?” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார்.

அந்த ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு கிரேன் தகடுக் கட்டைத் தூக்கித் திருப்பியது. நின்றிருந்த எல்லாரும் விலகினார்கள். வேலப்பன் விலகவில்லை. கண் திறந்துதான் இருந்தது, பார்த்துக்கொண்டே நின்றான் என்று கிரேன்காரர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது. முந்தின இரவு பத்து மணியிலிருந்து அவன் உள்ளேயே இருந்திருக்கிறான் என்பது விசாரணையில் தெரிந்தது. நவம்பர் சார்ட்டில் அவனுக்குக் காலை ஷிப்ட். அப்படியானால் இரவில் அவன் ஏன் இருந்தான்? யாருக்காக?

வெள்ளி, சனி இரண்டு இரவும் வராதவன் ஒருவன் இருந்தான். ஜஹாங்கீர். வேலப்பனுக்கு உயிர்த் தோஸ்து. தங்கச்சி நிக்காஹ்வுக்காக ராயபுரம் போயிருந்தான். இவனுக்குப் பண்டிகை என்றால் அவன் நிற்பதும், அவனுக்குப் பொங்கல் என்றால் இவன் நிற்பதும் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். ஃபோர்மேனிடம் வாயால் லீவு சொல்லிவிட்டுத்தான் போனேன் என்றான் ஜஹாங்கீர். ஃபோர்மேன், என்னிடம் சொல்லவில்லை என்றார். வேலுவுக்கும் எனக்கும் அந்த ரெண்டு நாளும் ஒரே நைட் ஷிப்ட், அவன் டூட்டியை அவன் பார்த்தான், நான் எதுவும் கேட்கவில்லை என்றான் ஜஹாங்கீர். அங்கேதான் பீம்ராவைக் கூப்பிட்டார்கள்.

“வேலப்பனுக்கு நைட் போட்டுவிட்டு, விடிந்ததும் காலை ஷிப்ட் போட்டிருக்க முடியுமா?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

“அப்படி வராது சார். என் சார்ட்ல மூணுக்கு அப்புறம் ஒண்ணு வராது. இருபத்து நாலு வருசமா வந்தது இல்ல.”

அக்டோபர் தாள் வீட்டில் பெட்டியில் இருந்தது. கொண்டுவா என்று யாரும் கேட்கவில்லை. கொண்டுவருகிறேன் என்று அவரும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? ஒன்றிரண்டு பேர், வேலுவுக்கு அந்த வாரம் நைட்தானே என்று முணுமுணுத்தார்கள். காலண்டரே வராது என்று சொன்னபிறகு அவர்களுக்கும் நிச்சயம் போய்விட்டது. ஜஹாங்கீரின் வேலை போனது. எண்ணூரிலும் மணலியிலும் எந்த கேட்டிலும் அவனைச் சேர்க்கவில்லை. தோஸ்தைக் கொன்று பிரியாணி தின்றவன் என்று ஒரு பேச்சு அவனுக்கு முன்னால் போய் நின்றது.

அந்தப் பேச்சின் முதல் பாதியை வேலப்பனின் மனைவி மலர்க்கொடியிடம் சொன்னது பீம்ராவ். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கீழ் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அவள் கேட்டாள், ஏன்ணா அவரு நைட்டும் நின்னு பகலும் நின்னாரு என்று. “ஜஹாங்கீர் மட்டும் ஒயுங்கா டூட்டிக்கு வந்திருந்தா வேலு இன்னிக்கி இருப்பாம்மா” என்றார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பத்து வருடம் எழுந்து நடந்தாள்.

செங்கொடி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“கீய போய் இப்பவே சொல்லப் போறியா?”

“மொதல்ல அவனாண்ட போவணும்.”

“செருப்பால அடிப்பான்.”

“அடிக்கட்டும்.”

“அடிச்சா பரவால்ல. அயுதா இன்னா செய்வ?” என்றாள்.

அக்டோபரும் நவம்பரும் ஒட்டிய தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. தண்டையார்பேட்டை தாண்டியபோது ஒரு விஷயம் உறைத்து, பஸ்ஸிலேயே எழுந்து நின்றுவிட்டார். வேலப்பன் அந்த சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உள்ளே நுழைந்தபோது புது சார்ட் பலகையில் இருந்தது. தன் பெயரைப் பார்த்திருப்பான். காலை ஒன்று என்று பார்த்திருப்பான். யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்கத் தோன்றியிருக்காது. காலண்டர் போட்டது.

“எறங்கணுமா பெர்சு? இல்லன்னா குந்து. பேஜார் பண்ணாத” என்றார் கண்டக்டர்.

காலடிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின் சந்தில் ஜஹாங்கீர் மிக்ஸி, ஃபேன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கடை என்றால் ஒரு ஷட்டர் அகலம். திறந்துகிடந்த ஒரு மிக்ஸி மோட்டாருக்குள் ஸ்க்ரூடிரைவரை விட்டுத் திருகிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். தாடி நரைத்திருந்தது. பீம்ராவை அடையாளம் கண்டதும் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“இன்னா காலண்டர்ணா, வயி தவறி வந்துட்டியா? இன்னிக்கி இன்னா கெயம?”

“சனி.”

“பரவால்ல, மறக்கல.” மறுபடி குனிந்துகொண்டான். “மிக்ஸியா, டேபிள் ஃபேனா? எதுவா இருந்தாலும் செவ்வாக்கெயமதான்.”

பீம்ராவ் ஜார் மூடிகளை ஒதுக்கிவிட்டுத் தாளை மேசைமேல் விரித்தார். ஜஹாங்கீர் தாளைப் பார்த்தான். பழகிய கண், தானாக வரிசையில் இறங்கியது.

“இது அந்த வருசத்து சார்ட்டு.”

“ஆமா.”

“வேலு லைனு.”

“ஆமாப்பா.”

“சனிக்கெயம மூணு கீது.” ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டான். “அடுத்தது ஒண்ணு கீது.”

“நான்தான் போட்டேன். பாக்காம போட்டேன். விசாரணையிலயும் பாக்காமதான் சொன்னேன். நீ சொன்னதுதான் நெசம். நீ அவனாண்ட ஒண்ணும் கேக்கல.”

வசவு வரும் என்று காத்திருந்தார். ஜஹாங்கீர் குழம்பின முகத்தோடு அவரைப் பார்த்தான்.

“இல்லணா. நான் கேட்டேன்.”

“இன்னாது?”

“கேட்டேன்ணா. கேன்டீன்ல. அவன் டீ குடிச்சிகினு இருந்தான். ரெண்டு நாளு என் எடத்துல நின்னுக்கடான்னேன். போடா, பிரியாணி பார்சல் எடுத்துகினு வா, இல்லாட்டி உள்ள வுட மாட்டேன்னான். சிரிச்சான். எனக்கு நல்லா ஞாபகம் கீது.”

பீம்ராவ் தாளிலிருந்து நிமிர்ந்தார். “விசாரணையில கேக்கலன்னு சொன்னியே.”

“சொன்னேன். அப்போ எனக்கு அந்த நெனப்பு இல்ல. அப்பால எல்லாரும் கேட்டியா கேட்டியான்னாங்க. எங்க அம்மாவே கேட்டா. பொண்டாட்டி சாபிரா கேட்டா. நீ வேற வராதுன்னு சொல்லிட்ட. காலண்டர் சொல்லுது, அப்ப நமக்குத்தான் புத்தி கலங்கிப் போச்சின்னு நெனச்சிகினே இருந்தேன். ரெண்டு வருசம் கயிச்சி ஒரு நாளு தொயுதுகினு இருக்கச் சொல்ல பளிச்சினு ஞாபகம் வந்துச்சி. கேன்டீன், டீ, அவன் சட்ட கலரு, எல்லாம்.”

“ஜஹாங்கீரு.” பீம்ராவ் விரலை பதினெட்டாவது வரியில் வைத்தார். வேலப்பனுக்கு நேர் கீழே. “இது யாரு?”

“நானு.”

“வெள்ளி?”

“மூணு.”

“சனி?”

“மூணு.”

“அவனுக்கும் மூணு, உனக்கும் மூணு. ஒரே ஷிப்ட்ல கீறவன் எப்பிடிடா உன் எடத்துல நிப்பான்? அவன் எடத்துலதான அவன் நின்னுகினு இருந்தான்? நீ அவனாண்ட கேக்கறதுக்கு ஒண்ணுமே இல்லியே.”

ஜஹாங்கீர் இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு அசைந்து எண்ணியது. பிறகு அவன் கேட்டான், அதுவும் சின்னக் குரலில்:

“அப்ப அந்த டீ எந்த நாளுணா?”

உள்ளே திரைக்குப் பின்னால் பாத்திரச் சத்தம் நின்றது. சாபிரா வந்து திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளிடம் அவன் சொன்னான், “நான் கேக்கலியாம்.”

“யாரு சொல்றது?”

“கேக்கலன்னு சொன்னவனையே கேட்டேன்னு சொல்ல வெச்சாரே, அவரேதான் சொல்றாரு.”

சாபிரா பீம்ராவைப் பார்த்தாள். “எங்க வூட்டுக்காரரு ஒவ்வொரு ரமலானுக்கும் முப்பது நோம்பு புடிச்சி, பண்டிக முட்ச மறுநாள்லேந்து இவரு மட்டும் இன்னும் ரெண்டு நாளு சேத்துப் புடிப்பாரு பாய். ரெண்டு நைட்டுக்கு ரெண்டு நாளாம். கணக்கு வெச்சிகினு கீறாரு. உங்களுக்குத் தெரியுமா அது?”

பீம்ராவுக்குத் தெரியாது. எந்த மதத்தாராக இருந்தாலும் எல்லாரையும் பாய் என்றே அழைக்கும் அந்தப் பெண்ணின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. செங்கொடி சொன்னது போல ஜஹாங்கீர் அழவில்லை. அடிக்கவும் இல்லை. மோட்டாரின் மூடியை எடுத்துப் பொருத்தி, நான்கு திருகாணியையும் முடுக்கி, மிக்ஸியை ஓரமாக வைத்தான். சட்டையை மாட்டிக்கொண்டான்.

“கெலம்பு. வேலு வூட்டு அண்ணியாண்ட போலாம்.”

“நான் போய் சொல்லிக்கிறேன்.”

“நீ சொல்லிட்டு வந்து, சொல்லிட்டேன்னு என்னாண்ட சொல்லுவ. நான் நம்பணும். வாணாம்ணா. நான் பக்கத்துல நிப்பேன்.”

மலர்க்கொடி காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். கீழ் வீட்டு வாசலில் உட்கார்ந்து, உப்பில் வெந்த விரல்களை வெந்நீரில் விட்டுக்கொண்டிருந்தாள். ஜஹாங்கீரைப் பார்த்ததும் எழுந்தாள்.

“இவன எதுக்குணா இங்க இட்டாந்த?” என்றாள் பீம்ராவிடம். “எம் புள்ள வர்ற நேரம். போவச் சொல்லு.”

“மலரு, இவன் ஒண்ணும் செய்யல.”

“இன்னா செய்யல?”

பீம்ராவ் சொன்னார். வாசற்படியில் தாளை விரித்து, மார்ச்சைக் காட்டி, வெள்ளை மையைக் காட்டி, சொன்னார். சொல்லச் சொல்ல அது மிகவும் சிறியதாக இருந்தது. ஒரு மாதத்தின் பெயரை அழித்து இன்னொன்றை எழுதியது. ஒரு வரிசையைப் பார்க்காமல் விட்டது. மேல்மாடிகளிலிருந்து இரண்டு மூன்று தலைகள் எட்டிப்பார்த்தன. செங்கொடி படியிறங்கி வந்து பாதியில் நின்றுகொண்டாள்.

மலர்க்கொடி தாளைத் தொடவில்லை. கை ஈரமாக இருந்தது.

“அன்னிக்கி காலைல ஆறு மணிக்கு போன் பண்ணாரு” என்றாள். “இன்னிக்கி பகலும் நிக்கணும், வர முடியாதுன்னாரு. ஏன்யான்னேன். நிக்கணும்னா நிக்கணும்னு வெச்சிட்டாரு. நீ போட்டதால நின்னாரு.”

“ஆமா.”

“நீ வந்து இந்த எடத்துல குந்திகினு இவன் பேர சொன்ன.”

“ஆமாம்மா.”

அவள் ஜஹாங்கீர் பக்கம் திரும்பினாள். “நீ ஏன்டா இத்தன வருசம் ஒண்ணும் சொல்லல?”

“மொதல் வருசம் பூரா சொன்னேன் அண்ணி. உன் வாசல்ல நின்னு சொன்னேன். தண்ணிய மூஞ்சில ஊத்தின.”

“ஊத்தினேன்” என்றாள் அவள். வெந்நீர்க் கிண்ணத்தைப் பார்த்தாள். அதைக் காலால் மெல்லத் தள்ளி வைத்தாள். பிறகு அவள் கேட்டது பீம்ராவ் எதிர்பார்த்தது இல்லை.

“பத்து வருசம் பெட்டியில கெடந்தத இப்ப ஏன் எடுத்த?”

“இந்த வருசமும் அதே வருசம்மா. கெயம எல்லாம் ஒண்ணு. அத்தப் பாத்துதான் எயுதணும்.”

“அப்ப நவம்பர் ஒண்ணு?”

“ஞாயித்துக்கெயம.”

“அதுக்கு மின்னாடி நாளு சனியா?”

“சனி.”

“அவரு எடத்துல இப்ப யாரு கீறான்?”

பதினேழாவது வரியில் இப்போது நிலவன் என்று ஒரு பையன். கல்யாணமாகி நான்கு மாதம். இன்று மதியம் அந்த நேரத்தில் கை நிற்காமல் இருந்திருந்தால், பன்னிரண்டு மாதத்தையும் ஒட்டிச் சுருட்டி, இடப்பக்கம் பெயர்களை மட்டும் மாற்றிக் கொடுத்திருப்பார். அந்த நினைப்பு முழுவதுமாக இப்போதுதான் அவரை வந்து அடைந்தது. படியில் உட்கார்ந்துவிட்டார். செங்கொடி இறங்கி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“கேக்கறேன் இல்ல?” என்றாள் மலர்க்கொடி.

“ஒரு பையன்மா.”

“அவன் பொண்டாட்டிக்கு தெரியுமா இவரு எப்டி எயுதறாருன்னு?” அதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. உள்ளே போனாள். இரண்டு நாற்காலி எடுத்து வந்தாள். ஒன்றை ஜஹாங்கீருக்குப் போட்டாள். இன்னொன்றில் தான் உட்கார்ந்தாள்.

“எயுது” என்றாள் பீம்ராவிடம். “நீ போட்டது, நீ சொன்னது, இவன் கேக்காதது. எல்லாத்தையும் எயுது. நான் படிச்சிப் பாத்துதான் கையெயுத்துப் போடுவேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பீம்ராவ் எழுதி, மலர்க்கொடி கையெழுத்துப் போட்ட மனு இரண்டரைப் பக்கம் வந்திருந்தது. காலை பத்து மணிக்கு மூவரும் தொழிற்சாலை கேட்டுக்குப் போனார்கள். பீம்ராவை உள்ளே விட்ட செக்யூரிட்டி, மற்ற இருவருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்றான். பென்னிக்கு லீவு. போனில் பேசினார்கள், திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொன்னான், பழைய விஷயம் என்பதால் மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றான். செக்யூரிட்டி மூன்று பெயரையும் நோட்டில் எழுதிக்கொண்டான். ஜஹாங்கீருக்கு ஒரு ஃபேன் டெலிவரி இருந்தது, எதிர்ப்பக்க பஸ்ஸில் ஏறிப் போனான். மலர்க்கொடி பன்னிரண்டு மணிக்கு வேலைக்குப் போனாள். பீம்ராவ் வீட்டுக்கு வந்து சாப்பிட்டார். மீன் குழம்பு முந்தின நாளையது. மாலையில் மழை தூறியது.